கெண்டைக்கால் கிழிசலிலிருந்து மீள்பவருக்கு எந்த ஓட்டக் கடிகாரம்?

கெண்டைக்கால் சதை கிழிந்து வீட்டில் முடங்கியிருக்கும் அந்த இரண்டு மூன்று வாரங்களில்தான் பலர் புதுக் கடிகாரம் தேடத் தொடங்குகிறார்கள். "மீண்டெழ இன்னும் 36 மணி நேரம்", "பயிற்சிக்குத் தயார்நிலை 78" என்று எண் சொல்லும் கடிகாரம் கையில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று தோன்றும். அந்த எண்கள் பெரும்பாலும் இதயத் துடிப்பையும் தூக்கத்தையும் வைத்துக் கணக்கிடப்படுபவை. கெண்டைக்காலில் என்ன நடக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. அதனால் காயத்திலிருந்து திரும்பி வருபவர் கடிகாரம் தேர்ந்தெடுக்கும் விதமும், மாரத்தான் நேரத்தைக் குறைக்க நினைப்பவர் தேர்ந்தெடுக்கும் விதமும் ஒன்றாக இருக்க முடியாது. எந்தச் சதை கிழிந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். விலையும் மாடலும் அதற்கு அப்புறம்தான்.

எந்தச் சதை?

கெண்டைக்காலில் இரண்டு பெரிய சதைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. வெளியே திரண்டு தெரிவது காஸ்ட்ராக்னீமியஸ். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என அதற்கு இரண்டு தலைகள். இரண்டுமே முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பில் தொடங்குகின்றன. அதற்கு அடியில் தட்டையாகப் படுத்திருப்பது சோலியஸ். அது முழங்காலுக்குக் கீழேதான் தொடங்குகிறது. கீழே இரண்டும் சேர்ந்து அக்கிலிஸ் தசைநாணாகிக் குதிகால் எலும்பில் முடிகின்றன.

காஸ்ட்ராக்னீமியஸ் கிழிந்தால் அந்த நொடியே தெரிந்துவிடும். வேகமெடுக்கும்போதோ மேடேறும்போதோ, பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்ததுபோல "பட்"டென்று ஒரு வலி. பெரும்பாலும் உள்பக்கத் தலைதான் கிழியும். ஓரிரு நாளில் ரத்தக்கட்டு கணுக்கால் பக்கம் இறங்கி நீலம் பாரிக்கும். சோலியஸ் இப்படி அடையாளம் காட்டாது. ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் ஓர் இறுக்கம் வரும், நின்று நீவிவிட்டால் தணியும், திரும்ப ஓடினால் அதே இடத்தில் பிடிக்கும். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது சதைக்குள் ஆழத்தில் வலிக்கும். நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு அடிக்கடி வருவது இதுதான். "சும்மா பிடிப்பு" என்று விட்டுவிட்டு மூன்று மாதம் இழுத்தடிப்பதும் இதைத்தான்.

வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்து, முழங்காலை நேராக நிறுத்தி ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்குங்கள். பிறகு முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, நாற்காலியில் உட்காரப் போகிற கோணத்தில் கால்வாசி வைத்துக்கொண்டு மறுபடி தூக்குங்கள். நேராக நிற்கும்போது மட்டும் மேல்பகுதியில் வலித்தால் காஸ்ட்ராக்னீமியஸ் மீது சந்தேகம். மடக்கும்போது கீழே ஆழத்தில் வலித்தால் சோலியஸ். முழங்காலை மடக்கினால் காஸ்ட்ராக்னீமியஸ் தளர்ந்துவிடும், சுமை பெரும்பாலும் சோலியஸ் மீது ஏறும் என்பதுதான் இந்தச் சோதனையின் அடிப்படை. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மேல்சதையின் கிழிசலையும் ரத்தக்கட்டையும் அல்ட்ராசவுண்ட் நன்றாகவே காட்டும், ஆழத்தில் இருக்கும் சோலியஸ் கிழிசல் அதில் தப்பிவிடலாம். அல்ட்ராசவுண்டில் ஒன்றுமில்லை என்று வந்தும் வலி நீடித்தால் எம்ஆர்ஐ பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டு அறிகுறிகளில் எது இருந்தாலும், வீட்டில் சோதனை செய்துகொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். குப்புறப் படுத்துக் கெண்டைக்காலைப் பிசைந்தால் பாதம் கொஞ்சமாவது அசைய வேண்டும். அசையாவிட்டால் அக்கிலிஸ் தசைநாண் அறுந்திருக்கலாம். கால் வீங்கி, சூடாகி, ஓடாமல் உட்கார்ந்திருக்கும்போதும் வலித்தால் ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். வெளியூர்ப் பந்தயம் முடித்து இரவுப் பேருந்தில் பத்து மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்து திரும்பியவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சதை பிடித்த அன்றே எண்ணெய் போட்டு உருவிவிடுவது, சுளுக்கு வழிக்கப் போவது. புதிதாகக் கிழிந்த இடத்தை அழுத்தி உருவினால் ரத்தக்கசிவு கூடும், கட்டு பெரிதாகும். ஒருவேளை அது ரத்த உறைவாக இருந்தால் விளைவு இன்னும் மோசம். முதல் மூன்று நான்கு நாள் கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது, இரண்டு செருப்பிலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குதிகால் மெத்தை, வலிக்காத அளவில் நடை. இவ்வளவு போதும். இழுத்து நீட்டும் பயிற்சியும் அந்த நாட்களில் வேண்டாம்.

லேசான கிழிசல் என்றால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் ஓட்டம் தொடங்கலாம். நடுத்தரம் என்றால் நான்கிலிருந்து எட்டு வாரம். முழுக் கிழிசலுக்கு மூன்று நான்கு மாதம் ஆகும். திரும்பக் கிழிய வைக்கும் காரணங்களில் முன்னிற்பவை இரண்டு: ஏற்கெனவே ஒருமுறை கிழிந்திருப்பது, வயது கூடியிருப்பது. நாற்பதைத் தாண்டியவர் முதல் கிழிசலிலிருந்து திரும்பும்போது இரண்டுமே அவருக்குப் பொருந்தும். அதே காலில் மூன்றாம் முறை வந்தால் கீழ்முதுகு நரம்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கடிகாரத்துக்குத் தெரியாத கணக்கு

ஓடும்போது சோலியஸ் தாங்கும் விசை உடல் எடையைப் போல 6 முதல் 8 மடங்கு. 70 கிலோ எடையுள்ளவருக்கு ஒவ்வொரு அடியிலும் 400 கிலோவுக்கு மேல். நிமிடத்துக்கு 165 அடி வைப்பவர் என்றால் ஒரு காலுக்கு 80க்கு மேல். ஒரே ஒரு நிமிடம் ஓடுவது 80 முறை அந்தச் சுமையைத் தூக்குவதற்குச் சமம். அரை மணி நேரத்தில் அது 2,400ஐத் தாண்டும். "மெதுவாகத்தானே ஓடினேன், எப்படி மறுபடி பிடித்தது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது. மெதுவாக ஓடினால் இதயத்துக்கு ஓய்வு கிடைக்கும். சோலியஸுக்கு அந்த அளவுக்குக் கிடைக்காது.

இப்போது கடிகாரத்தின் கணக்கைப் பாருங்கள். ஓட்டக் கடிகார நிறுவனமான கார்மினின் பயிற்சித் தயார்நிலை எண் ஆறு விஷயங்களைச் சேர்த்து வருவது: நேற்றைய தூக்கம், சில நாட்களின் தூக்கம், மீட்பு நேரம், இதயத் துடிப்பு இடைவெளி மாறுபாடு, அண்மைப் பயிற்சிச் சுமை, மன அழுத்தம். இந்த ஆறில் காலைப் பற்றி ஒன்றுகூட இல்லை. பயிற்சிச் சுமையும் இதயத் துடிப்பிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. மூன்று வாரம் சைக்கிளும் நீச்சலுமாக இருந்தவரின் இதயம் நல்ல நிலையில் இருக்கும். கடிகாரம் பச்சை விளக்கு காட்டும். அன்று அவர் பழையபடி 8 கிலோமீட்டர் ஓடினால் கடிகாரத்தைப் பொறுத்தவரை அது எளிய நாள். மூன்று வாரமாக ஒரு துள்ளல்கூடத் துள்ளாத சதைக்கோ அது அளவுக்கு மீறிய வேலை.

சென்னை மாதிரி ஊர்களில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகிறது. மே மாதப் புழுக்கத்தில் அதே வேகத்துக்கு இதயம் அதிகமாகத் துடிக்கும், கடிகாரம் அதிகச் சுமை எழுதும். டிசம்பரில் காற்று குளிர்ந்ததும் துடிப்பு இறங்கும், சுமை எண்ணும் இறங்கும். "இன்னும் கொஞ்சம் ஓடலாம்" என்று தோன்றும். சென்னை மாரத்தான் ஜனவரியில் வருவதால் தூரத்தைக் கூட்டும் மாதமும் அதுவே. கெண்டைக்காலுக்கு மேயிலும் டிசம்பரிலும் ஓரடி ஓரடிதான். கூடிய அடிகளை அது மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கும்.

கடற்கரை மணலும் அப்படித்தான். மெரினாவில் தளர்ந்த மணலில் ஓடினால் உந்திக் கிளம்பும்போது பாதம் புதைந்து கெண்டைக்கால் கூடுதலாக உழைக்கும். கடிகாரத்தில் தெரிவது வேகம் குறைந்த ஓர் ஓட்டம் மட்டும்.

ஆகவே இந்தக் காலத்தில் கடிகாரத்திடம் கேட்க வேண்டியவை வேறு. கொஞ்சம் ஓடிக் கொஞ்சம் நடக்கும் ஓடு–நட இடைவேளையை அதிர்வோடு சொல்ல வேண்டும். வேகத்துக்கும் நேரத்துக்கும் வரம்பு வைத்து எச்சரிக்க வேண்டும். வாரத்தில் எத்தனை நிமிடம் ஓடினோம் என்று எளிதாகக் காட்ட வேண்டும். மேடு ஏறியதை ஓரளவு சரியாக அளக்க வேண்டும். ஓடி முடித்ததும் வலி எவ்வளவு என்று பதிந்துவைக்க இடம் தர வேண்டும். இந்த ஐந்தை மனதில் வைத்துக் கடைக்குப் போனால் தேர்வு சுருங்கிவிடும்.

கையில் இருக்கும் தேர்வுகள்

எதுவும் வாங்காமல் இருப்பது முதல் தேர்வு. முதல் நான்கு வார ஓடு–நடைக்குக் கைபேசியில் இலவச இடைவேளை டைமர் ஒன்றும் ஒரு சிறு நோட்டும் போதும். ஏற்கெனவே ஏதோ ஒரு ஜிபிஎஸ் கடிகாரம் வைத்திருப்பவர், காயத்துக்காகப் புதியது வாங்கத் தேவையில்லை. அந்தப் பணத்தில் பிசியோதெரபிஸ்டிடம் ஐந்தாறு முறை போய் வரலாம். இரண்டில் எது கால் குணமாக உதவும் என்பதில் சந்தேகமே இல்லை.

கடிகாரமே இல்லாதவருக்கு கார்மின் ஃபோர்ரன்னர் 55 குறைந்த செலவில் வேலையை முடித்துத் தரும். 2021இல் 200 டாலருக்கு வந்த மாடல், எடை 37 கிராம், ஜிபிஎஸ் ஓடவிட்டால் 20 மணி நேரம் தாங்கும். ஓடு–நட அலர்ட் அதற்குள்ளேயே இருக்கிறது. வெயிலில் தெளிவாகத் தெரியும் திரை, ஐந்து பொத்தான்கள், தொடுதிரை இல்லை. வியர்வை வழியும் விரலோடு ஓடுபவருக்குப் பொத்தான் பெரிய வசதி. குறை என்னவென்றால், காற்றழுத்தத்தை வைத்து உயரத்தை அளக்கும் பாரோமீட்டர் இல்லை. சமதளச் சென்னையில் அது பெரிதாகத் தெரியாது. ஏற்காட்டிலோ ஊட்டியிலோ ஓடுபவருக்கு ஏறிய உயரம் முக்கியம், அவர் இதை விட்டுவிடலாம்.

அடுத்த படியில் இரண்டு கடிகாரங்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. கார்மின் ஃபோர்ரன்னர் 165, 2024 பிப்ரவரியில் 250 டாலருக்கு வந்தது. கோரோஸ் நிறுவனத்தின் பேஸ் 3, 2023 ஆகஸ்டில் 229 டாலருக்கு வந்தது. இரண்டிலும் பாரோமீட்டர் உண்டு, செயலியில் பயிற்சியை எழுதிக் கடிகாரத்துக்கு அனுப்பவும் முடியும். பேஸ் 3 நைலான் பட்டையோடு 30 கிராம்தான். கையில் இருப்பதே தெரியாது, ஜிபிஎஸ்ஸில் 38 மணி நேரம் வரும். இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் என்பதால் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் மர நிழலிலும் தூரம் அதிகம் பிசகாது. 165இல் பளிச்சென்ற அமோலெட் திரை, பாதம் தரையில் இருக்கும் தரைத்தொடு நேரம், அடி நீளம் போன்றவை கையிலிருந்தே, ஓடி முடித்ததும் "எப்படி இருந்தது? எவ்வளவு சிரமம்?" என்று கேட்கும் வசதி. பயிற்சித் தயார்நிலை எண் 165இல் கிடையாது. மற்றவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். கெண்டைக்கால் கிழிந்தவருக்கு அது இல்லாததே நல்லது, பொய்யான பச்சை விளக்கு ஒன்று குறைகிறது.

இந்த இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், காயத்திலிருந்து திரும்பும் காலத்துக்கு 165. ஓடு–நட இடைவேளையைச் செயலிக்குள் போகாமல் கடிகாரத்திலேயே இரண்டு நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்பதும், ஓட்டம் முடிந்த கையோடு சிரமத்தைக் கேட்டுப் பதிவதும்தான் காரணம். நெடுந்தூரமே லட்சியம், பேட்டரியும் எடையும் முக்கியம் என்பவர் பேஸ் 3 வாங்கலாம். காலுக்கு நட்டமில்லை.

போலார் பேசர் ப்ரோவைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2022இல் 300 டாலருக்கு வந்தது. போலார் சுமையை மூன்றாகப் பிரிக்கிறது: இதயச் சுமை, தசைச் சுமை, நீங்களே சொல்லும் சிரமம். தசைச் சுமை, ஓட்டத்தின் திறன் அளவான வாட்டிலிருந்து வருவது. இதயத்தின் கணக்கும் காலின் கணக்கும் வேறு என்பதைத் திரையிலேயே காட்டும் ஏற்பாடு இது. மூன்று வாரம் நீச்சல் அடித்தவருக்கு இதயச் சுமை உயர்ந்தும் தசைச் சுமை பூஜ்யத்திலும் நிற்பதைப் பார்க்கலாம். சொல்ல வந்த விஷயமே அங்கே படமாக இருக்கும். ஆனால் அது இரண்டு காலுக்கும் சேர்த்த எண், கிழிந்த சதையைத் தனியே அறியாது. ப்ரோ இல்லாத சாதாரண பேசரில் பாரோமீட்டரும் கையிலிருந்து வாட் அளப்பதும் இல்லை, மாற்றி வாங்கிவிடாதீர்கள். போலாரின் வாண்டேஜ் வி2வில் துள்ளிக் குதித்துப் பார்க்கும் கால் மீட்புச் சோதனை ஒன்று உண்டு. காயம் ஆறாத காலத்தில் அதைத் தொடவே கூடாது. ஆறிய பிறகும், நல்ல கால் உந்திவிடும் உயரத்தில் காயக் காலின் பலவீனம் மறைந்துபோகும்.

ஃபோர்ரன்னர் 265, 2023இல் 450 டாலர். கூடுதலாகக் கிடைப்பவை தயார்நிலை எண்ணும் இரட்டை அலைவரிசையும். இந்தத் தேவைக்கு அந்த 200 டாலர் வித்தியாசத்தை நியாயப்படுத்த முடியாது. 2025 மே மாதம் 750 டாலருக்கு வந்த ஃபோர்ரன்னர் 970இல் மட்டும் பேசத்தக்க புதுமை இருக்கிறது. ஓடிய தூரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஓட்டத்தின் கடுமைக்கு ஏற்பத் தாக்கச் சுமையாக மாற்றி, இந்த வாரம் எவ்வளவு தாங்கலாம் என்று வரம்பு காட்டுகிறது. திசை சரிதான். ஆனாலும் அது பொதுவான கால்களுக்கான கணிப்பு. மூன்று வாரத்துக்கு முன் உங்கள் இடது சோலியஸ் கிழிந்தது அதற்குத் தெரியாது. மலைப்பாதை ஓட்டத்துக்காக எப்படியும் அந்த விலையில் வாங்கவிருந்தவர் வாங்கட்டும், காயத்துக்காக வேண்டாம்.

ஆப்பிள் வாட்ச் ஏற்கெனவே கையில் இருந்தால் அதுவே போதும். அதன் இயங்குமென்பொருளான வாட்ச்ஓஎஸ்ஸின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு 9 முதல் இடைவேளைப் பயிற்சியை அதிலேயே எழுதலாம். 2024இன் வாட்ச்ஓஎஸ் 11இல் பயிற்சிச் சுமை வந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 1 முதல் 10 வரை நீங்கள் தரும் சிரம மதிப்பை நேரத்தோடு சேர்த்து, கடந்த 7 நாளை 28 நாளோடு ஒப்பிடுகிறது. கடிகாரம் தானாகப் போட்ட மதிப்பை நீங்கள் திருத்தலாம். கெண்டைக்கால் இறுகிய நாளில் 4 என்று அது போட்டதை 7 ஆக மாற்றினால் அந்தக் கணக்கு காலுக்கும் கொஞ்சம் பொருந்தத் தொடங்கும். தொல்லை வியர்வையில் வழுக்கும் தொடுதிரை. ஓடத் தொடங்கும் முன் தண்ணீர்ப் பூட்டைப் போட்டுவிட்டால் தவறுதலாக நிற்பது குறையும்.

மார்பில் கட்டி இதயத் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை வாங்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. கார்மினில் இடது–வலது தரைத்தொடு சமநிலை கையிலிருந்து கிடைக்காது, அதைத் தரும் மார்புப் பட்டை வேண்டும். 50.7க்கும் 49.3க்கும் இடையில் இருந்தால் நல்ல சமநிலை என்று கார்மின் பச்சை காட்டும். வலிக்கும் காலை ஆள் அறியாமலே சீக்கிரம் தூக்கிவிடுவதால் காயத்துக்குப் பிறகு இந்த எண் ஒரு பக்கம் சாயும். ஆனால் காயத்துக்கு முந்தைய உங்கள் எண் பதிவில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். இயல்பிலேயே 51.5இல் ஓடுபவர் நிறைய. பழைய பதிவு இருப்பவருக்கு இது அருமையான கருவி. இல்லாதவருக்கு இந்தக் காரணத்துக்காக வாங்க வேண்டியதில்லை. கடிகாரத்தின் அடியில் ஒளியால் துடிப்பை அளக்கும் உணரி, சில நாட்களில் துடிப்புக்குப் பதில் அடிவேகத்தையே, அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதையே, எண்ணிவிடும். எளிய ஓட்டத்தில் துடிப்பு 165, அடிவேகமும் 165 என்று ஒட்டி நின்றால் அதுதான். கடிகாரப் பட்டையை மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

கடிகாரத்தில் ஓடு–நட அமைப்பது

தொடங்கும் முன் மூன்று தகுதிகள் வேண்டும். அரை மணி நேர வேக நடை வலியில்லாமல் முடிய வேண்டும். ஒற்றைக் காலில் குதிகால் தூக்கல் 20க்கு மேல், நல்ல காலுக்குச் சமமான உயரத்தில் வர வேண்டும். அதே காலில் நின்ற இடத்தில் 20 துள்ளல் வலியின்றிப் போக வேண்டும். துள்ளல் வராதவர் ஓட்டத்தைத் தொடங்கினால் முதல் நிமிடத்தின் 80 அடிகளிலேயே தெரிந்துவிடும்.

கார்மின் கனெக்ட் செயலியில் புதிய ஓட்டப் பயிற்சி ஒன்றை உருவாக்குங்கள். முதல் படி 8 நிமிட நடை. அது லேப் பொத்தானை அழுத்தும் வரை என்று இருந்தால் நேரம் என்று மாற்றுங்கள். அடுத்து 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 8 சுற்று. கடைசியில் 5 நிமிட நடை. மொத்தம் 37 நிமிடம், அதில் ஓட்டம் 8 நிமிடம்தான். ஒன்றுவிட்டு ஒரு நாள். இதை இரண்டு முறை சிக்கலின்றி முடித்தால் 2 ஓட்டம் 2 நடை, 6 சுற்று. பிறகு 4க்கு 1, நான்கு சுற்று. பிறகு 7க்கு 1, மூன்று சுற்று. அதன்பின் தொடர்ந்து 25 நிமிடம். படிக்கு இரண்டு முறை என்றால் மொத்தம் மூன்று வாரம் ஆகும்.

இந்தப் படிகளில் வேக இலக்கு எதையும் வைக்காதீர்கள். ஒரு நிமிட ஓட்டத்தில் ஜிபிஎஸ் வேகம் நிலைபெறுவதற்குள் நிமிடம் முடிந்துவிடும். எண்ணைப் பார்த்து வேகமெடுத்தால் கேடு. தானியங்கி நிறுத்தத்தை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சிக்னலில் நிற்கும்போது இடைவேளைக் கணக்கு உறைந்து நிற்கும். கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் தானியங்கி லேப்பும் வேண்டாம், அதன் அதிர்வும் ஓடு–நட அதிர்வும் குழம்பும்.

மறுநாள் காலை பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் 10 குதிகால் தூக்கல். வலியை 0 முதல் 10 வரை மதிப்பிட்டு, முந்தைய நாள் ஓட்டத்தின் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். 2 வரை இருந்தால் அடுத்த படி. 3 என்றால் அதே படி. அதற்கு மேல் என்றால் ஒரு படி கீழே. எந்தக் கடிகாரமும் தரும் எந்த மீட்பு எண்ணைவிடவும் இந்தக் காலை எண் நம்பகமானது.

தொடர்ந்து 25 நிமிடம் ஓடத் தொடங்கியதும் முதலில் கேட்ட கேள்விக்குத் திரும்ப வேண்டும். காஸ்ட்ராக்னீமியஸ் கிழிந்தவருக்கு ஆபத்து வேகத்திலும் உந்தலிலும் இருக்கிறது. காயத்துக்கு முன் எளிய ஓட்டம் கிலோமீட்டருக்கு 6:30 என்றால் 6:15க்கு மேல் வேகம் போனால் எச்சரிக்கும்படி வேக அலர்ட் வையுங்கள். தொடர் ஓட்டத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆறு வாரம் கழித்து 60 மீட்டர் வேக ஓட்டம் நான்கு, முழு வேகத்தில் முக்கால்வாசிக்குக் கீழே தொடங்கலாம். சோலியஸ் கிழிந்தவருக்கு நேரம்தான் எதிரி. அவர் நேர அலர்ட் வைக்க வேண்டும், 25 நிமிடத்தில் அதிர்ந்ததும் எங்கே இருந்தாலும் நடைக்கு மாறி வீடு திரும்ப வேண்டும். அதனால் நேராக ஒரே திசையில் போகாமல் வீட்டைச் சுற்றி 1 கிலோமீட்டர் வட்டத்தில் ஓடுவது நல்லது. நீண்ட ஓட்டத்தை வாரத்துக்கு 5 முதல் 10 நிமிடம் மட்டும் கூட்டலாம். மேம்பால ஏற்றங்கள் இருவருக்கும் கடைசியில்தான். வாரத்துக்கு ஒரு ஓட்டத்தில், ஏறிய உயரத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுங்கள்.

அணைத்துவைக்க வேண்டியவை

கார்மினில் தினசரிப் பரிந்துரைப் பயிற்சி தானாக வந்து நிற்கும். இரண்டு வாரம் ஓடாதவருக்கு வேக ஓட்டத்தைக்கூட அது நீட்டலாம். ஓட்டப் பக்கத்தின் பயிற்சி அமைப்பில் அந்தக் கேள்வியை நிறுத்துங்கள். பயிற்சி நிலை காட்டும் மாடல்களில் காயம், நோய்க்காக அதை இடைநிறுத்தும் வசதி உண்டு. பலருக்குத் தெரியாது. நிறுத்தாவிட்டால் "பயிற்சி குறைகிறது" என்று தினமும் சொல்லிக்கொண்டே இருக்கும், அந்தச் சொல்லுக்கு மனம் பதறி ஓடக் கிளம்பியவர் உண்டு. தானாகக் கூடும் அடி இலக்கை முதல் இரண்டு வாரம் கையால் 4,000 என்று வையுங்கள். ஆப்பிள் வாட்ச்சில் வாட்ச்ஓஎஸ் 11 முதல் தினசரி இலக்கைக் காட்டும் வளையங்களை 90 நாள் வரை நிறுத்திவைக்கலாம், தொடர்ச்சிக் கணக்கு உடையாது.

காலணிப் பகுதியை மட்டும் அணைக்காமல் பயன்படுத்துங்கள். குதிகால்–முன்பாத உயர வித்தியாசம் 10 மில்லிமீட்டர் உள்ள ஷூவிலிருந்து 4 மில்லிமீட்டருக்கு மாறினால் கெண்டைக்காலுக்கு வேலை கூடும். எந்த ஷூவில் எந்த ஓட்டம் என்று பதிந்திருந்தால், இறுக்கம் வந்த நாட்களுக்கும் ஷூவுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பிறகு புரட்டிப் பார்க்கலாம். அடிவேகத்தை 5 சதவீதம் கூட்டச் சொல்லும் அறிவுரையிலும் கவனம் வேண்டும். அடி குறுகுவது நல்லதுதான். ஆனால் முன்பாதத்தில் இறங்கத் தொடங்கினால் அதிகச் சுமை கெண்டைக்காலுக்கு நகரும்.

இன்னொரு பயிற்சியையும் கடிகாரத்தில் எழுதிவையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, முன்பாதத்தை ஒரு செங்கல்மேல் வைத்து, முழங்காலுக்குச் சற்று மேலே துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் நிறைந்த 20 லிட்டர் தண்ணீர் கேனைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று வினாடி ஏற்றம், மூன்று வினாடி இறக்கம், 15 முறை, மூன்று செட், நடுவில் 90 வினாடி. அடுத்து நின்றபடி நேர் முழங்காலோடு படி விளிம்பில் ஒற்றைக் காலில் 12, மூன்று செட். முதுகுப் பையில் 5 கிலோ அரிசியில் தொடங்கி 10க்கு ஏற்றுங்கள். ஓட்டமில்லாத நாளில் வாரம் இரண்டு முறை, ஓட்டம் பழையபடி ஆன பிறகும். கடிகாரத்தில் வலிமைப் பயிற்சியாக ஓய்வு நேரத்தோடு எழுதிவிட்டால் 90 வினாடி முடிந்ததும் கை அதிரும், அடுத்த செட் தொடங்கலாம்.